பாறமடை இல்லாத வரைபடம்

மகளே,

நேற்று நீ கேட்ட கேள்விக்கான பதில் இது. பக்கத்து அறையில்தான் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய்; எழுந்து வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த வரைபடத்தை நீ எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிட்டாய். அதைப் பற்றிய பதிலையும் எல்லோரும் படிப்பதுதான் முறை என்று நம் சபையின் வாட்ஸ்அப் குழுவிலேயே போடுகிறேன். பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடக்க ஆராதனை அறிவிப்புகளுக்கும் நடுவே இது கொஞ்சம் நீளமாகத் தெரியும். பொறுத்துக்கொள்வார்கள்; பாஸ்டரின் பிரசங்கத்தைப் பொறுத்துக்கொள்கிறவர்கள்தானே. நம் வகுப்புப் பிள்ளை பிளெஸ்ஸியின் அம்மாவிடம் மட்டும் அந்த மாதிரி போன் இல்லை. ஆகவே சம்பந்தப்பட்டவர்களைத் தவிர மற்ற எல்லோரும் இதைப் படிப்பார்கள். அரசாங்க உத்தரவுகளும் அப்படித்தான் வெளியாகின்றன.

இன்று காலை ஆராதனையில் உன்னை எழுந்து நிற்கச் சொல்லி ஸ்தோத்திரம் சொன்னார்கள். கணக்கு, அறிவியல், மொழி, சரித்திரம் எல்லாவற்றையும் வரைபடம் கொண்டே நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை, இந்த வட்டாரத்தில் யாருக்கும் கிடைக்காதது, நம் சபையின் பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறது என்றார் பாஸ்டர். நீ அழகாகத் தலை குனிந்து நின்றாய். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் பிளெஸ்ஸியின் அம்மாவும் சொன்னாள். நான் திரும்பிப் பார்த்தேன், அதனால் தெரியும். நீ முன்வரிசையில் நின்றதால் உனக்குத் தெரிய வாய்ப்பில்லை.

நேற்று மதியம் மீன்குழம்பு ஊற்றும்போது நீ கேட்டது: "அம்மா, திங்களாழ்ச்ச முதல் கிளாஸுக்கு நம்ம ஸ்கூல் மேப்பையே முதல்ல காட்டட்டா?" நான் "சோறு போதுமா?" என்று கேட்டேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும். பதிலுக்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை உண்டு. உனக்குத் தெரிந்ததுதான். குழுவில் இருக்கும் மற்றவர்களும் தெரியாததுபோல் நடிப்பவர்கள்தான். இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் பாடம் விளங்கும்.

உன் சின்ன வயதில் உன் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாகம் பிரித்தார்கள். தாலுகாவிலிருந்து அளக்க வருவதற்கு முந்தின நாள் உன் அப்பா எல்லைக் கல்லைக் கொஞ்சம் நகர்த்தி நட்டார். நம் ஊரில் இதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை, அளவு வருமுன் எல்லோரும் செய்கிற ஏற்பாடுதான். சித்தப்பாவும் மறுபக்கத்தில் ஒரு கல்லை நகர்த்தியிருந்தார். அளப்பவர் சங்கிலியைப் பிடித்து நிற்கும்போது நீ வாயில் விரலை வைத்துக்கொண்டு நடுவில் போய் நின்று, "அப்பா இத அங்கேருந்து எடுத்து இஞ்ச கொண்டு வச்சாரு" என்றாய். யாரும் கேட்கவில்லை. நீயாகவே சொன்னாய். காலால் பழைய குழியையும் காட்டிக்கொடுத்தாய். கல் பழைய இடத்துக்குப் போயிற்று. எல்லையில் நின்ற ஆஞ்ஞிலி மரம் சித்தப்பாவின் பக்கம் போயிற்று. பிறகு அவர் வீட்டுக் கதவு நிலையெல்லாம் அதில்தான் செய்தார். உன் அப்பா உன்னை அடிக்கவில்லை. அன்று சாயங்காலம் என்னிடம், "இவ பெரிய ஆளாக்கும் வரப்போறா, பாத்துக்கோ. வரும்போ நம்மள்ல யாரு மிச்சம் இருப்பாங்க எண்ணு மட்டும் தெரியல்ல" என்றார். அவர் மிச்சம் இல்லை. நான் இருக்கிறேன், பென்ஷனோடு.

அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதில் உனக்கு அன்றிலிருந்து இருக்கும் பிடிவாதத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த மரம் சித்தப்பாவுக்குச் சேர வேண்டியதுதான். சரியாகச் சொல்வது நல்ல குணம். யார் எதிரில் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் சொல்வது வேறொரு குணம். இரண்டும் ஒன்றாகப் பிறந்ததால் உனக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போயிற்று.

இனி கேரளத்துப் பக்கம் இருக்கும் நம் பள்ளி. ஜூன் மாதம் திறந்து ஆறாவது வேலை நாளில் வந்து தலை எண்ணுவார்கள். தலை குறைந்தால் டிவிஷன், அதாவது வகுப்புப் பிரிவு, போய்விடும், டிவிஷன் போனால் டீச்சரும் போக வேண்டும். தமிழ் டிவிஷனில் நான்தான் டீச்சர். ஆகவே மே மாத வெயிலில் குடை, பை, நோட்டு எல்லாம் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், சொந்தக்காரப் பெண்ணுக்கு வரன் கேட்பதுபோல் பிள்ளை கேட்பேன். பனச்சமூட்டைச் சுற்றி இருக்கும் வீடுகளில் வாசல் ஒரு மாநிலம், கிணறு ஒரு மாநிலம். பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும் என்பதைவிட ஆட்டோ வீட்டு வாசலுக்கு வருமா என்பதுதான் கேள்வி. அந்தப் பக்கத்தில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்று. அங்கே ராஜமணி சாருக்கும் இதே பிரச்சினை. இரண்டு பேரும் ஒரே வீட்டு வாசலில் குடையோடு சந்தித்துக்கொண்ட ஒரு மே மாதத்தில் ஏற்பாடு பிறந்தது.

ஏற்பாடு எளிது. பிள்ளைகளின் பெயர் இரண்டு பள்ளியிலும் இருக்கும். அங்கே காலைச் சாப்பாடு போடுகிறார்கள், பிள்ளைகள் அங்கே போய்ச் சாப்பிட்டு ஒரு பாடம் படிப்பார்கள். பிறகு ரப்பர் தோட்டத்து வழியாக இங்கே வருவார்கள். மதியம் சோறும் பயறும் இங்கே. இரண்டு மாநிலத்துக் கணினிகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. ராஜமணி சார் போனில் கூப்பிட்டு, "டீச்சறே, வெள்ளியாழ்ச்ச எனக்கு இன்ஸ்பெக்சன் உண்டு, பிள்ளையள நான் முழுசா எடுத்துக்கிடுதேன்" என்பார். "எடுத்துக்கிடுங்க சார், திங்களாழ்ச்ச திருப்பித் தரணும்" என்பேன். கல்யாண வீட்டுக்கு உருளி இரவல் கொடுப்பதுபோல் கொடுத்து வாங்கினோம். ஒருதடவை அவர் ஒரு பையனைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டதற்கு நான் ஒரு வாரம் பேசவில்லை. இது மோசடிதான், மகளே. அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. இரண்டு அரசாங்கங்கள் சோறு போட்டும் ஒரு பிள்ளைகூடக் கொழுக்கவில்லை என்பதைத்தான் நான் கவனித்தேன். பிளெஸ்ஸிக்கு அந்த இரண்டு சாப்பாடுதான் சாப்பாடு. அவள் அம்மா அண்டியாப்பீஸுக்கு, முந்திரி உடைக்கிற வேலைக்கு, விடியுமுன் போய்விடுவாள்.

என் கடைசி வருடத்தில் நீ பயிற்சி ஆசிரியையாக என் பள்ளிக்கே வந்தாய். ஒரு வரைபடம், எல்லாப் பாடமும் என்றாய். நான் சிரித்தேன். நம் பள்ளிச் சுவரில் ஓர் உலக வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது, அதில் பசிபிக் கடலைக் கரையான் தின்று முடித்திருந்தது. அதைக் காட்டித்தான் நான் காலமெல்லாம் பாடம் நடத்தினேன். நீ தரையில் பெரிய தாள் விரித்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, போனைக் கையில் கொடுத்து, அவரவர் வீடு எங்கே என்று புள்ளி வைக்கச் சொன்னாய். வீட்டிலிருந்து எங்கெல்லாம் நடக்கிறார்களோ அங்கெல்லாம் நூல் ஒட்டச் சொன்னாய். அந்த ஒரு வாரம் அவர்கள் படித்ததை நான் மறுக்க மாட்டேன். எந்தக் கிணறு மேயில் வற்றும், எது வற்றாது என்று நீல வண்ணம் அடித்தார்கள், அது அறிவியல். பனச்சமூடு என்றால் பனச்சை மரத்தின் அடி, அந்த மரம் எங்கே என்று தேடிப்போய் ஒரு பேக்கரியைக் கண்டுபிடித்து வந்தார்கள், அது மொழி. மாநில எல்லைக் கல்லை பிளெஸ்ஸியின் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் பார்த்தார்கள், அது சரித்திரம். என் வகுப்பில் வாயைத் திறக்காத பையன்கள்கூட, "எலே, உன் வீடு அங்க இல்ல, இஞ்சோட்டு தள்ளு" என்று சண்டை போட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. நல்ல டீச்சரைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் இருக்கும், அடிக்கடி நேர்ந்ததில்லை.

கணக்குப் பாடத்தன்று போனில் ஒரு இடத்தைத் தொட்டு இன்னொரு இடத்தைத் தொட்டால் தூரம் வரும் என்று காட்டினாய். பிள்ளைகள் வீட்டிலிருந்து பக்கத்திலுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் தூரம் எடுத்து எழுதினார்கள். பிளெஸ்ஸி தன் வீட்டிலிருந்து தெற்கே இருக்கும் பெரிய தமிழ்ப் பள்ளிக்கு எடுத்தாள். ரொம்பப் பக்கம் என்று வந்தது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "மிஸ்ஸே, அதுவழி போக ஒக்காது. பாறமட உண்டு" என்றாள். கல் உடைத்து உடைத்து ஊரை விழுங்கி, இப்போது தண்ணீர் நிறைந்து கிடக்கிற குவாரி. ஆடு விழுந்தால் எடுக்கப் போக மாட்டார்கள். நீ அவள் கன்னத்தைத் தட்டி, "அது மேடு பள்ளம் பாடத்துல வரும் மக்கா. அது நாளத்த கிளாஸ்" என்றாய். நான் கதவோரம் நின்று கேட்டேன். மறுநாள், நெய்யாற்றின்கரையில் நடக்கும் பள்ளிகளின் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னதால் தாளைச் சட்டத்தில் ஒட்டுகிற வேலை வந்துவிட்டது. மேடு பள்ளம் பாடம் நடக்கவில்லை. பாறமடை இருந்த இடம் வெள்ளையாகவே இருந்தது, பார்ப்பதற்குச் சுத்தமாக.

நூல்களை நான் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சிவப்பு நூல் காலையில் அந்தப் பக்கம் போய், பச்சை நூல் அங்கிருந்து இந்தப் பக்கம் வந்தது. ஒரு பிள்ளைகூடப் பொய் நூல் ஒட்டவில்லை. உனக்கும் ஏற்பாடு தெரியும், ஆனால் நூல் ஒட்டும்போது உனக்கு நூல்தான் தெரிந்தது. "இது வெளிய போகணுமா?" என்று கேட்டேன். "டேட்டா டேட்டாதானம்மா" என்றாய். நான் விட்டுவிட்டேன். பெற்ற பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு அதிகாரிகள்மேல் நம்பிக்கை இருந்தது. எத்தனையோ கண்காட்சி பார்த்திருக்கிறேன். வருவார்கள், நாடா வெட்டுவார்கள், பழம்பொரி தின்பார்கள், பிள்ளைகளின் நடுவில் நின்று படம் எடுப்பார்கள். காட்சிக்கு வைத்ததைப் பார்க்க மாட்டார்கள். அந்த ஒழுக்கத்தை நம்பித்தான் நம் பக்கத்துப் பள்ளிகள் பலவும் நடக்கின்றன.

நெய்யாற்றின்கரைக் கண்காட்சிக்கு வந்த அதிகாரி புவியியல் படித்தவராகப் போய்விட்டார். பழம்பொரியைக் கையில் வைத்துக்கொண்டே சட்டத்தின் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். நீ பிளெஸ்ஸியின் கையில் குச்சியைக் கொடுத்து விளக்கச் சொல்லியிருந்தாய், நம் வகுப்பில் அவள்தான் தெளிவாகப் பேசுகிறவள் என்று. அவர் குனிந்து, "இதெந்தா மோளே, சுவப்பும் பச்சையும்?" என்று கேட்டார். பிளெஸ்ஸி உடனே மலையாளத்துக்கு மாறி, காலையில் எங்கே, மதியம் எங்கே என்று குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். "ராவிலே அவிடே, சாரே. இட்லி. உச்சய்க்கு இவிடே. சோறு."

"அப்போ மோள்டெ பேரு எவிடெயா?"

"ரண்டிடத்தும் உண்டு சாரே."

அவர் அவள் தலையில் கை வைத்து, "மிடுக்கி" என்று மெச்சினார். முதல் பரிசு நம் பள்ளிக்கு. பிளெஸ்ஸி உன்னைப் பார்த்துச் சிரித்தாள், நீ கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாய். இரண்டு மாநிலத்துக் கணினிகளால் பேச முடியாததை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பேசிவிட்டாள். வரைபடக் கல்வியின் பயனைச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் உனக்குக் கிடைக்காது.

பிறகு நடந்தது எல்லாம் சட்டப்படிதான். நம் பள்ளியில் பெயர் அடித்தார்கள், பிள்ளை அங்கே படிக்கிறது என்று. அங்கே பெயர் அடித்தார்கள், பிள்ளை இங்கே படிக்கிறது என்று. இரண்டு பள்ளியில் படித்த பிள்ளைகள் ஒரு பள்ளியிலும் இல்லாமல் நின்றார்கள். தமிழ் டிவிஷன் போயிற்று. எனக்கு அந்த மாதமே ஓய்வு என்பதால் ஒரு காசும் நஷ்டமில்லை. உனக்குப் பரிசும், அந்தப் பரிசால் இந்த வேலையும். நம் வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ராஜமணி சாரை மலைப்பக்கம் மாற்றிவிட்டார்கள், அவர் பள்ளியைப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். போகும் முன்பு கூப்பிட்டார். திட்டுவார் என்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். "உங்க மவ நல்லா வரஞ்சிருக்கா டீச்சறே. என் ஸ்கூலுக்குப் பின்னால உள்ள கக்கூசு வரைக்கும் சரியா இருக்கு" என்றார். வைத்துவிட்டார்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை மஞ்சள் பஸ் வந்து இங்கிலீஷ் பள்ளிக்கு அள்ளிக்கொண்டு போயிற்று. மற்றவர்கள் எங்கே போவது என்று பெற்றோர் மனு கொடுத்தார்கள். அதற்கு வந்த பதிலை உனக்கு நான் படித்துக் காட்டவில்லை, அப்போது நீ நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாய். தெற்கே உள்ள பெரிய தமிழ்ப் பள்ளி பிள்ளைகளின் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே இருப்பதாக எழுதியிருந்தார்கள். ஆதாரம் கேட்டதற்கு, மாணவர்களே அளந்து பரிசு பெற்ற வரைபடம் என்று சொன்னார்கள். பிளெஸ்ஸி தன் விரலால் தொட்டு எடுத்த தூரம்தான் அது. தண்ணீரின்மேல் நடக்கிறவர்களுக்கு அது சரியான தூரம். நம் வேதத்திலும் அப்படி ஒருவர்தான் நடந்திருக்கிறார், கூட இறங்கியவன் முங்கினான்.

நேற்று நீ கேள்வி கேட்டுவிட்டுத் தூங்கப் போன பிறகு, வெயில் தாழ நான் பிளெஸ்ஸியின் வீட்டுக்குப் போனேன். இப்போது அவள் ஏழாம் வகுப்பில் இருக்க வேண்டியவள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கோழிக்கூட்டுப் பக்கம் நின்றாள். எல்லைக் கல்லின்மேல் பிள்ளைத் துணி காய்ந்தது.

"என்ன பிள்ளே, இப்ப எந்த ஸ்கூலுக்குப் போறே?"

"எங்கயும் போவல்ல டீச்சறே."

"மலையாளத்துலே சேத்தாங்கன்னு கேட்டேனே?"

"கொஞ்ச நாள் போனேன். பேச வரும், எழுத வரல்ல. சின்னப் பிள்ளையளுக்கக் கூட இருத்துனாங்க. பொறவு இவன் பொறந்தான்." தம்பியின் மூக்கைத் துடைத்தாள். "அம்ம காலத்த போயிருவா. இவன யாரு பாப்பா?"

"தெக்க உள்ள ஸ்கூலு?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பாடம் மறந்துபோன டீச்சரைப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி. "பாறமட சுத்திப் போகணும் டீச்சறே. அங்க சேரும்போ உச்சைக்கு மணி அடிச்சிருவாங்க." பிறகு ஞாபகம் வந்ததுபோல், "மிஸ்ஸு வந்திருக்காங்களா? அந்த மேப்புல பாறமட போட்டாச்சா எண்ணு கேப்பீங்களா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. வீட்டுப்பாடம் முடிந்ததா என்று கேட்பதுபோல் கேட்டாள். கேட்கிறேன் என்றேன். இதோ கேட்டுவிட்டேன்.

நீ வருத்தப்படுவாய் என்று தெரியும். வருத்தப்பட்டு, ஒரு பையும் குடையும் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் நிற்காதே. அதை நான் நிறைய வருடம் செய்தாகிவிட்டது, குடை பிய்ந்துபோகும். வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் ஆரம்பிக்காதே, உன் இடத்துக்கு உன்னைவிட மோசமாக வரைகிறவர் ஒருவர் வருவார். உனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தெரியும், அதுதான் பயமாக இருக்கிறது. நாளை உன் முன்னால் உட்காரப்போகிற டீச்சர்களில் பாதிப்பேர் எல்லைப்பக்கத்துக்காரர்கள். அவர்கள் கைப்பையில் என்னென்ன ஏற்பாடு இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. நீ சொன்னதை அப்படியே போய்ச் செய்வார்கள். பிள்ளைகள் உண்மையைத்தான் ஒட்டுவார்கள். யாராவது ஒருவர் புவியியல் படித்தவர் வந்து நிற்பார்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: காட்டு. முதலில் அதையே காட்டு. ஆனால் பழைய தாளை அப்படியே காட்டாதே, இரண்டு வருடம் ஆகிவிட்டது. பிளெஸ்ஸியின் வீட்டிலிருந்து கிளம்புகிற சிவப்பு நூலையும் பச்சை நூலையும் பிய்த்துவிடு. பசை காய்ந்திருக்கும், தாள் கொஞ்சம் கிழியும், கிழியட்டும். வீடு மட்டும் ஒரு புள்ளியாக நிற்கும். அந்தப் புள்ளியை வைத்து எல்லாப் பாடமும் நடத்தலாம். கணக்குக்கு, அவள் ஒரு நாளில் பள்ளிக்கு நடக்கும் தூரம். பூஜ்யம் என்பதால் பெருக்குவதும் எளிது. அறிவியலுக்கு, ஒரு வேளைச் சாப்பாட்டில் பன்னிரண்டு வயது உடம்பு எவ்வளவு வளரும் என்பது. மொழிக்கு, எங்கயும் போவல்ல டீச்சறே என்ற வாக்கியம், எழுவாய் மறைந்து வந்திருக்கிறது. சரித்திரத்துக்கு எங்கள் இரண்டு பேரின் ஏற்பாட்டையும் சொல்லு, என் பெயரைச் சொல்லியே சொல்லு.

புவியியல் மட்டும் பாக்கி. பாறமடை நாளைய வகுப்பில் வரும் என்று அவளிடம் சொல்லியிருந்தாய். நாளை திங்கட்கிழமை.